ஆறாம் மாதம் ஒரு நாள் வேண்டும்: பொது சுகாதாரத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் பொது சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கும், அங்கன்வாடிகளைப் பார்த்துக்கொள்ளும் சமூக நலத் துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம். நான் ஒரு மாவட்டத் தலைநகரில் செவித்திறன் பரிசோதனையும் குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சியும் செய்துவருகிறேன். சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். பதினான்காவது வாரத் தடுப்பூசிக்கும் ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்கும் நடுவில், ஆறாவது மாதத்தில், குழந்தைக்குக் காது கேட்கிறதா, அது என்னென்ன சத்தம் எழுப்புகிறது என்று பார்ப்பதற்காகவே ஒரு நாள் ஒதுக்குங்கள். அதோடு, பிரசவம் நடக்கும் எல்லா இடத்திலும், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ நாலு படுக்கை நர்சிங் ஹோமோ, குழந்தையை வீட்டுக்கு அனுப்பும் முன் காது பரிசோதனையைக் கட்டாயமாக்குங்கள். கேட்பது இந்த இரண்டும்தான், ஏன் கேட்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துப் படியுங்கள்.

என்னிடம் வருகிற குழந்தைகளில் நிறையப் பேர் இரண்டரை வயது, மூன்று வயதில்தான் வருகிறார்கள். "இன்னும் பேச்சு வரலை" என்று அம்மா சொல்வார். கூட வந்த பாட்டி, "இவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்பார். ஒன்பது மாதத்தில் குழந்தை 'பபப', 'மமம' என்று கொட்டினானா என்று கேட்டால் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள், ஏனென்றால் அப்படி ஒன்றைக் கவனிக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாருமே சொல்லியிருக்கவில்லை. எடை எத்தனை கிலோ, எந்த ஊசி எந்தத் தேதியில் போட்டது, எல்லாம் அட்டையில் இருக்கும், அவர்களுக்கு மனப்பாடமாகவும் தெரியும். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் வைத்திருக்கிற பெற்றோர் அவர்கள். இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

முதல் வருடத்தில் குழந்தை பேசுவதில்லை, ஆகவே பேச்சைப் பற்றி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் வீடுகளில் மட்டுமில்லை, மருத்துவர்கள் சிலரிடமும் இருக்கிறது. பேச்சுக்கான அடிப்படை வேலை நடப்பதே அந்த வருடத்தில்தான். கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலேயே குழந்தைக்கு அம்மாவின் குரல் கேட்கத் தொடங்கிவிடுகிறது. 1980இல் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகளின் வாயில் ஒரு ரப்பர் காம்பைக் கொடுத்து, ஒரு விதமாகச் சப்பினால் அம்மாவின் குரல், வேறு விதமாகச் சப்பினால் வேறொரு பெண்ணின் குரல் கேட்கும்படி வைத்தார்கள். குழந்தைகள் அம்மாவின் குரல் வருகிற விதமாகவே சப்பின. 2009இல் வந்த இன்னொரு ஆய்வில், பிறந்த சில நாட்களிலேயே பிரெஞ்சுக் குழந்தைகளின் அழுகை மேலேறும் சுரத்திலும் ஜெர்மன் குழந்தைகளின் அழுகை கீழிறங்கும் சுரத்திலும் இருப்பதைக் கண்டார்கள், அதாவது அழுகையிலேயே அந்தந்த மொழியின் சாயல்.

எனக்கு மிகவும் பிடித்தது 1984இல் கனடாவில் வெர்க்கரும் டீஸும் வெளியிட்ட ஆய்வு. இந்தியில் நுனிநாக்கைப் பல்லில் வைத்துச் சொல்லும் 'த'வும் நாக்கை மடக்கிச் சொல்லும் 'ட'வும் நமக்கு எவ்வளவு தெளிவாக வேறு வேறு! ஆங்கிலம் மட்டுமே பேசும் பெரியவர்களுக்கு அந்த வித்தியாசம் காதில் பிடிபடுவது கஷ்டம். ஆனால் ஆங்கிலம் பேசும் வீட்டில் வளரும் ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளுக்கு அது பிடிபட்டது. அதே மாதிரியான வீடுகளில் பத்து, பன்னிரண்டு மாதக் குழந்தைகளிடம் பார்த்தால் அந்தத் திறன் பெரும்பாலும் போயிருந்தது. தன் வீட்டில் எந்த ஒலிகள் புழங்குகின்றனவோ அவற்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் குழந்தை விட்டுவிடுகிறது, அதுவும் முதல் பிறந்தநாளுக்குள். இப்போது காது கேட்காத ஒரு குழந்தையை நினைத்துப் பாருங்கள். மற்ற குழந்தைகள் ஒலிகளைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டிருக்கிற அதே மாதங்களில், இந்தக் குழந்தைக்குப் பொறுக்க எதுவும் வந்து சேரவில்லை. அதனால்தான் மூன்று வயதில் என்னிடம் வருவதை "கொஞ்சம் தாமதம்" என்று என்னால் சொல்ல முடிவதில்லை.

சரி, அப்படிக் காது கேட்கவில்லை என்றால் வீட்டில் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியாது. அதில்தான் சிக்கலே இருக்கிறது. காது கேட்காத குழந்தையும் அழும், சிரிக்கும், இரண்டு மூன்று மாதத்தில் 'ங்கா', 'ங்கு' என்று குரல் கொடுக்கும். நாலு ஐந்து மாதத்தில் எச்சில் தெறிக்க 'ப்ர்ர்' என்று ஊதும், மழை வரப்போகுது என்று பாட்டிகளும் சந்தோஷப்படுவார்கள். முகத்தைப் பார்த்தால் முகம் மலரும். எல்லாம் சரியாகத்தான் இருப்பதுபோல் தோன்றும். வித்தியாசம் வெளியே தெரிவது அடுத்த கட்டத்தில். கேட்கும் குழந்தைகள் ஆறு மாதத்திலிருந்து பத்து மாதத்துக்குள் மெய்யும் உயிரும் சேர்ந்த அசைகளை அடுக்க ஆரம்பித்துவிடுகிறார்கள், 'பபபப', 'ததத', 'மம்மம்மா' என்று. (தாத்தாக்கள் "என்னைத்தான் முதல்ல கூப்பிட்டான்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவது இந்த மாதங்களில்தான், அந்தச் சந்தோஷத்தை யாரும் கெடுக்க வேண்டாம்.) ஓலரும் ஐலர்ஸும் 1988இல் இரண்டு வகைக் குழந்தைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, கேட்கும் குழந்தைகள் எல்லாருமே பத்து மாதத்துக்குள் இப்படி அசை அடுக்கத் தொடங்கியிருந்தார்கள், காது கேளாத குழந்தைகளில் ஒருவர்கூட பதினோரு மாதத்துக்கு முன் தொடங்கவில்லை. ஒரு கருவியும் இல்லாமல், ஒரு அம்மாவின் காதை மட்டும் வைத்துக்கொண்டு கண்டுபிடிக்கக்கூடிய இவ்வளவு தெளிவான அடையாளம் குழந்தை மருத்துவத்தில் அதிகம் இருக்காது என்று நினைக்கிறேன்.

வீட்டில் செய்யும் சோதனைகளும் ஏமாற்றும். தட்டைத் தட்டிப் பார்த்தோம், திரும்பினான் என்பார்கள். தட்டுகிற கையின் நிழல் தெரிந்திருக்கும், கட்டில் அதிர்ந்திருக்கும், இல்லையென்றால் பலத்த சத்தம் மட்டும் கேட்கும் அளவுக்குக் காதில் மிச்சம் இருந்திருக்கும். பாத்திரச் சத்தம் கேட்டுவிட்டால் பேச்சும் கேட்கும் என்று அர்த்தமில்லை. 'ஸ', 'ச', 'த', 'ப' போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காமலேயே கதவு அறையும் சத்தத்துக்குத் தூக்கிவாரிப்போடும் குழந்தைகள் நிறைய உண்டு.

இப்போது உங்கள் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். பிறந்தவுடன் ஊசி, பிறகு 6, 10, 14 வாரங்களில் ஊசி. அதற்கு அடுத்தது ஒன்பது மாதம் முடிந்து போடும் தட்டம்மை, ரூபெல்லா ஊசி. நடுவில் ஐந்தரை மாதம். காய்ச்சல், சளி என்று வந்தால் ஒழிய, நன்றாக இருக்கிற குழந்தையை யாரும் சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு வரப்போவதில்லை. பேச்சுக்கான அசைகள் தொடங்க வேண்டிய காலம், தொடங்காவிட்டால் சந்தேகப்பட வேண்டிய காலம், அப்படியே அந்த இடைவெளிக்குள் விழுந்துவிடுகிறது. 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில் செவித்திறன் குறைபாடும் பட்டியலில் இருக்கிறது, குறை தெரிந்த குழந்தைக்குச் சிறு வயதிலேயே சிகிச்சையும் பயிற்சியும் தொடங்க மாவட்டத்துக்கு ஒரு ஆரம்பநிலை இடையீட்டு மையமும் அதில் சொல்லப்பட்டிருக்கிறது, நல்ல திட்டம். அந்தத் திட்டத்தின் மருத்துவக் குழு வருடத்துக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வருகிறது. ஆனால் ஏழு மாதக் குழந்தை அங்கன்வாடியிலா உட்கார்ந்திருக்கிறது? குழு வருகிற அன்று வீட்டில் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருக்கும்.

ஆறு மாதத்தை நான் பிடிவாதமாகக் கேட்பதற்கு இன்னொரு காரணம், அந்த மாதத்தில் அம்மா எப்படியும் அங்கன்வாடிக்கு வரத்தான் போகிறார். ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு அங்கிருந்துதானே சத்துமாவு கொடுக்கிறீர்கள். எடையும் போடுகிறீர்கள். அந்த நாளிலேயே, அதே அங்கன்வாடிப் பணியாளரும் கிராம சுகாதாரச் செவிலியரும் சேர்ந்து ஐந்து நிமிடம் உட்கார்ந்து கேட்டால் போதும். பின்னால் இருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா? நீங்கள் பேசி நிறுத்தினால் பதிலுக்குக் குரல் கொடுக்கிறதா? சத்தங்களில் வகை வகையாக ஏதாவது வருகிறதா, இல்லை முன்பு வந்த 'ங்கா'வும் குறைந்துகொண்டே போகிறதா? இந்தக் கடைசிக் கேள்வியை மறக்காமல் கேட்கச் சொல்லுங்கள். முன்பு குரல் கொடுத்த குழந்தை ஆறேழு மாதத்தில் அமைதியாகிக்கொண்டு வந்தால், "சாதுவான பிள்ளை" என்று வீட்டில் பெருமைப்படுவார்கள், நாம் பெருமைப்படக் கூடாது. அப்புறம் ஒன்பதாம் மாத ஊசியின்போது 'பபப', 'மமம' வந்துவிட்டதா என்று கேட்பது, வராவிட்டால் அன்றே சீட்டு எழுதிப் பரிசோதனைக்கு அனுப்புவது. ஒரு வயதில், "ஃபேன் எங்கே?" என்றால் மேலே பார்க்கிறதா, வேண்டியதை விரலால் சுட்டிக்காட்டுகிறதா, டாட்டா காட்டுகிறதா என்று பார்ப்பது. ஒரு வயதில் முதல் சொல் வந்தால் சந்தோஷம், இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போனாலும் பயமில்லை. சுட்டிக்காட்டுவதும் சொன்னது புரிவதும் இல்லை என்றால்தான் நான் கவலைப்படுவேன், அப்போது காது மட்டுமில்லாமல் வளர்ச்சியின் மற்ற பக்கங்களையும் பார்க்க வேண்டியிருக்கும்.

மாதம் பார்த்துக் குழந்தையைக் கவனிப்பது நமக்கு ஒன்றும் புதிதில்லை. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் ஐந்தாம் மாதம் செங்கீரை, ஏழாம் மாதம் தால், ஒன்பதாம் மாதம் சப்பாணி என்று பருவம் பிரித்து வைத்தார்கள். ஒன்பதாம் மாதத்தில் கைகொட்டுவதை எதிர்பார்க்கத் தெரிந்த ஊர் இது.

பிறந்தவுடன் செய்யும் பரிசோதனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதற்குப் பயன்படும் ஓஏஇ என்ற கருவி கையடக்கமானது. தூங்குகிற குழந்தையின் காதில் சின்ன முனையை வைத்தால் அது 'டிக் டிக்' என்று ஒலி அனுப்பும், உட்காதில் உள்ள மயிர்ச் செல்கள் நன்றாக இருந்தால் அங்கிருந்து ஒரு மெல்லிய எதிரொலி திரும்பி வரும், கருவி அதைப் பிடித்துக்கொள்ளும். வலி கிடையாது, சில நிமிட வேலை. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தைகளுக்கு இது மட்டும் போதாது, காது நன்றாக இருந்து நரம்பில் கோளாறு இருந்தால் ஓஏஇ அதைத் தவறவிட்டுவிடும், ஆகவே அவர்களுக்கு, ஒலி நரம்பு வழியே மூளைக்குப் போய்ச் சேர்கிறதா என்று பார்க்கும் பெரா பரிசோதனை கட்டாயம். குறைமாதம், ரத்தம் மாற்ற வேண்டிய அளவுக்கு மஞ்சள் காமாலை, மூச்சுத்திணறல், மூளைக்காய்ச்சல், கர்ப்பத்தில் ரூபெல்லா, குடும்பத்தில் யாருக்காவது பிறவியிலேயே காது கேளாமை, இவை இருந்தால் கூடுதல் கவனம். உறவுக்குள் திருமணம் நாட்டிலேயே அதிகமாக நடக்கும் மாநிலங்களில் நம்முடையதும் ஒன்று என்பது உங்களுக்குத் தெரியாததில்லை.

உலக அளவில் ஆயிரம் குழந்தைகளுக்கு ஒன்று முதல் மூன்று பேர் குறிப்பிடத்தக்க காது கேளாமையுடன் பிறக்கிறார்கள். தமிழ்நாட்டில் வருடத்துக்குச் சுமார் எட்டு லட்சம் பிரசவம் நடக்கிறது. குறைந்தபட்சக் கணக்கை எடுத்தாலே வருடம் 800 குழந்தைகள். எல்லாப் பிரசவமும் கிட்டத்தட்ட மருத்துவமனையில்தான் நடக்கிறது, ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் அரசின் கணினிப் பதிவில் பிக்மி எண் என்று ஒன்று இருக்கிறது, இவ்வளவு சுலபமாகத் தேடிப் பிடிக்கும் வசதி எத்தனை மாநிலத்தில் இருக்கும்? ஒவ்வொரு நர்சிங் ஹோமும் கருவி வாங்க முடியாது என்பார்கள். வாங்க வேண்டியதில்லை. பக்கத்தில் கொச்சியில் 2003இலேயே குழந்தை மருத்துவர்கள் சங்கம் வழி காட்டிவிட்டது, பயிற்சி பெற்ற ஒருவர் கருவியை எடுத்துக்கொண்டு முறை வைத்து மருத்துவமனை மருத்துவமனையாகப் போய்ப் பரிசோதித்தார். ஒரு வட்டாரத்துக்கு ஒரு கருவி, ஒரு ஆள். பிறந்தவுடன் பரிசோதனை விட்டுப்போனாலும் ஆறாவது வார ஊசிக்கு வரும்போது பிடித்துவிடலாம்.

பிறந்தவுடன் 'பாஸ்' என்று வந்த சீட்டை வைத்துக்கொண்டு இனி கவலை இல்லை என்று விட்டுவிடவும் முடியாது. சில குழந்தைகளுக்குக் கேட்கும் திறன் பிறகு குறைகிறது. ஆறாம் மாத நாள் வேண்டும் என்று நான் தனியாகக் கேட்பது இதற்காகவும்தான்.

ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்வது, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்குவது என்பதுதான் உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட கணக்கு. 1998இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் யோஷினாகா-இட்டானோ என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும், ஆறு மாதத்துக்குள் கண்டுபிடித்துத் தொடங்கிய குழந்தைகளின் மொழித்திறன் பிறகு கண்டுபிடித்த குழந்தைகளைவிடத் தெளிவாக மேலே இருந்ததைக் காட்டினார்கள். நம்மிடம் சிகிச்சைக்குப் பணத்தடை பெரிதாக இல்லை என்பதுதான் எனக்கு அதிக வேதனை. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் உட்காதில் மின்கருவி பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சை செய்கிறார்கள், அவ்வளவு செலவான ஒன்றை ஏழைக் குழந்தைக்குக் கொடுக்கிற அரசு இது. அதே சிகிச்சையை நாலரை வயதில் செய்வதற்கும் ஒன்றரை வயதில் செய்வதற்கும் உள்ள தூரத்தை, தினம் பயிற்சிக்கு உட்காரும் நான் பார்க்கிறேன். அறுவை சிகிச்சைக்குக் கொடுக்கிற பணம் முழுப் பலன் தர வேண்டுமென்றால் கண்டுபிடிப்பு முதல் வருடத்திலேயே நடந்தாக வேண்டும். பரிசோதனையில் சந்தேகம் வந்த குழந்தைகளைத் தொலைத்துவிடாமல் இருப்பதும் அதே அளவுக்கு முக்கியம், "அடுத்த மாசம் வாங்க" என்று அனுப்பிய குழந்தை திரும்பி வராமல் போவது சாதாரணமாக நடக்கிறது. பிக்மி எண்ணோடு அந்த முடிவும் ஒட்டிக்கொண்டிருந்தால் செவிலியரே வீட்டுக்குப் போய்க் கூப்பிடுவார்.

கூடவே சைகை மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. காது கேளாத பெற்றோரிடம் சைகை மொழி பார்த்து வளரும் காது கேளாத குழந்தைகள், மற்ற குழந்தைகள் வாயால் அசை அடுக்குகிற அதே பருவத்தில் கையால் மழலை பேசுவதை 1991இல் பெட்டிட்டோவும் மாரென்டெட்டும் காட்டினார்கள். குழந்தையின் மூளை கேட்பது மொழியை, அது காது வழியே வந்தாலும் கண் வழியே வந்தாலும் எடுத்துக்கொள்கிறது. காது மெஷினோ அறுவை சிகிச்சையோ கிடைக்கும்வரை, கிடைத்த பிறகும்கூட, குடும்பத்துக்குச் சைகை மொழி கற்றுக்கொடுக்க மாவட்ட மையங்களில் ஆள் வையுங்கள். "சைகை பழகினால் பேச்சு வராது" என்று பெற்றோரைப் பயமுறுத்துகிறவர்கள் என் தொழிலிலேயே இருக்கிறார்கள், நான் அதை ஏற்கவில்லை.

செவிலியர்களுக்கும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் பயிற்சி கொடுக்கும்போது இன்னும் சிலவற்றையும் சொல்லிக்கொடுங்கள். பேச்சு தெளிவாக வரும் என்று நாக்கில் வசம்பு உரைத்துத் தடவுவதும் தேன் தொட்டு வைப்பதும் இன்றும் நடக்கிறது. ஒரு வயதுக்குள் தேன் ஆபத்து, வசம்புக்கும் பேச்சுக்கும் தொடர்பில்லை. காதில் எண்ணெய் ஊற்றுவதும் வேண்டாம். அப்புறம் கைபேசி. குழந்தை பாட்டு வீடியோ பார்த்துப் பேசக் கற்றுக்கொள்ளும் என்று மனதார நம்பித்தான் நிறைய அம்மாக்கள் கையில் கொடுக்கிறார்கள். 2003இல் பாட்ரிசியா குல் குழுவினர் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழி கேட்க வைத்துப் பார்த்தார்கள். நேரில் உட்கார்ந்து விளையாடிப் பேசியவர்களிடமிருந்து குழந்தைகள் சீன ஒலிகளைக் கற்றன. அதே ஆட்கள் அதே பேச்சைத் திரையில் பேசியபோது எதுவும் கற்கவில்லை. ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னதை அட்டையில் ஒரு வரியாக அச்சிடலாம். அதற்குப் பதிலாக என்ன செய்வது என்று அம்மா கேட்டால், குளிப்பாட்டும்போது பேசச் சொல்லுங்கள், குழந்தை 'ங்கா' என்றால் திருப்பி 'ங்கா' சொல்லிவிட்டுக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லுங்கள், பாட்டியைத் தாலாட்டுப் பாடச் சொல்லுங்கள். வீட்டில் எந்த மொழி நாக்கில் தடையில்லாமல் வருகிறதோ அதில் பேசினால் போதும், நாளைக்கு இங்கிலீஷ் மீடியம் சேர்க்கணும் என்று அரைகுறை ஆங்கிலத்தில் குழந்தையிடம் பேச வேண்டாம். திருப்பூரிலும் சென்னை கட்டுமான இடங்களிலும் ஒடியாவும் இந்தியும் பேசும் தாய்மார்கள் நம் அங்கன்வாடிக்கு வருகிறார்கள், அந்த ஆறாம் மாதக் கேள்விகள் அவர்கள் மொழியிலும் வேண்டும். அவர்களுடைய குழந்தை தமிழும் கேட்டு வளர்வதால் பேச்சு கெடாது என்பதையும் சொல்ல வேண்டும்.

முதல் வேலையாக ஒரே ஒரு மாவட்டத்தில் தொடங்கிப் பார்க்கலாம். கேள்விகளையும், பணியாளர்களுக்கு ஒரு நாள் பயிற்சிக்கான பாடத்தையும் எழுதித் தர என்னைப் போன்ற பேச்சுப் பயிற்சியாளர்கள் மாவட்டம்தோறும் தயாராக இருக்கிறோம், இதற்கு ஊதியம் எதிர்பார்க்கவில்லை. சந்தேகப்படும் குழந்தைகளுக்குப் பெரா பரிசோதனைக்கு வாரத்தில் ஒரு நாளை மாவட்ட மருத்துவமனையில் ஒதுக்கிக் கொடுங்கள், மூன்று மாதம் கழித்துத் தேதி கொடுத்தால் ஆறாம் மாதம் பார்த்ததில் பயனில்லை. எந்த மாவட்டம், எந்த அதிகாரியிடம் பேச வேண்டும் என்று நீங்கள் சொன்னால் நாங்களே வந்து பார்க்கிறோம்.

இப்படிக்கு,
மாவட்டத்தில் பணிபுரியும் ஒரு பேச்சுப் பயிற்சியாளர்